முதலில் அலவாங்கு, பிறகு புரோப்பேன்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். கனடாவுக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறீர்கள். வேலைத்தலத்து நண்பர்களோடு இந்தக் குளிர்காலம், ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கிற சிம்கோ ஏரிக்கு, உறைந்த ஐஸில் துளை போட்டு மீன்பிடிக்கப் போக ஆசை. ஐஸில் துளை போடுகிற ஆகர், அதுவும் புரோப்பேன் வாயுவில் ஓடுவது, மலிவு விற்பனையில் இருக்கிறது, வாங்கலாமா? கூடவே எந்தத் தூண்டில், எந்த இரை, ஐஸ்மேல் குடில் வாடகைக்கு விடுகிறவர்களில் எவர் நல்லவர் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றுக்கும் ஏரிக்கரையில் இரை விற்கும் கடைக்காரரிடம் பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், கேட்காததையும் சேர்த்துச் சொல்லுவார். நான் ஆகரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இந்த ஆண்டு வாங்காதீர்கள். இயந்திரம் கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. என்னிடமே ஒன்று இருக்கிறது, எட்டு வருடமாக உழைக்கிறது.

அதன் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுவதற்கு வசதியாக இருக்கும். பழைய இரண்டு-ஸ்ட்ரோக் பெற்றோல் ஆகருக்கு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். மைனஸ் இருபதில், விரல் மரத்துப்போன நிலையில், அந்தக் கலவையைக் கையுறையில் சிந்தாமல் ஊற்றியவர் எவரையும் நான் கண்டதில்லை. பெற்றோல் மணக்கும் கையால் இரை கோத்தால் மீன் கிட்டவும் வராது என்று பழைய ஆட்கள் சத்தியம் செய்வார்கள். அதோடு கோடைமுழுதும் தாங்கியில் கிடந்த பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரை அடைத்துவிடும். டிசம்பரில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டு கழன்றுவிடும். புரோப்பேனுக்கு இந்தச் சள்ளை எதுவும் இல்லை. அது பழசாவதில்லை, கலக்கத் தேவையில்லை, சோக் இழுக்கும் வேலையும் இல்லை. சிறிய சிலிண்டரைத் திருகிப் பூட்டிக் கயிற்றை இழுத்தால் பெரும்பாலும் இரண்டாம் இழுவையில் எழும்பிவிடும். புகையும் குறைவு.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவன் நான். சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில சொட்டு பீச்சி, உதைத்துக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் விட்டுவிடுவோம். பின்னால் வருபவருக்கு முகம் தெரியாத அளவுக்குப் புகை. அப்படிப்பட்டவனுக்குப் புரோப்பேன் ஆகர் ஒரு சீமாட்டி போலத்தான் தெரிந்தது.

ஆனால் சீமாட்டிக்குக் குளிர் ஆகாது. புரோப்பேன் மைனஸ் 42 பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிடும், சிம்கோவில் அவ்வளவு குளிர் எங்கே வருகிறது என்று விற்பவர் கேட்பார். அதில் பாதிதான் உண்மை. அறை வெப்பத்தில் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தலுக்கு (பவுண்டுக்கு) மேல் இருக்கிற சிலிண்டரின் அமுக்கம், மைனஸ் 20 பாகையில் ஏறத்தாழ 20 இறாத்தலுக்கு இறங்கிவிடும். வாயு வெளியேற வெளியேற உள்ளே மிஞ்சிய திரவம் இன்னும் குளிரும். சிலிண்டரின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூக்கும். ஆறாவது ஏழாவது துளையில் எஞ்சின் இருமத் தொடங்கும். அடைகாக்கிற கோழி போல இன்னொரு சிலிண்டரை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு திரிவேன். சூடாக்குகிறேன் என்று சிலிண்டரை ஹீற்றருக்கு முன்னால் வைத்த ஒருவரை நான் கண்ணால் கண்டேன். அந்தக் குடிலுக்கு அதற்குப் பிறகு நான் போகவில்லை. இயந்திரத்தைச் சரித்துக் கிடத்தவும் கூடாது, திரவம் ரெகுலேற்றருக்குள் போய் அடைத்துவிடும். பாரம் 30 இறாத்தலுக்கு மேல். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் ஸ்லெட்டில் இழுத்துப் பாருங்கள், தெரியும்.

பற்றரி ஆகரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். என் மகன் அதைத்தான் வைத்திருக்கிறான். ஓசையில்லை, மணமில்லை, சிலிண்டர் இல்லை. குளிரில் சார்ஜ் இறங்கும், பூச்சியப் பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான் குறை. என் இயந்திரத்தை "அப்பாவின் ட்ராக்டர்" என்பான்.

இனி நான் உண்மையில் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். சிலிண்டர்களை எங்கே வைப்பீர்கள்? "வீட்டுக்காரர் தமிழர்தான், படிக்கட்டின் கீழே வைக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்தபிறகுதான் நான் பதில் எழுத உட்கார்ந்தேன். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது. கசிந்தால் தண்ணீர் போலப் பள்ளம் தேடி ஓடும். வீட்டின் பள்ளம் எது? நீங்கள் படுத்திருக்கிற இடம். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸும் வெந்நீர்த் தாங்கியும் நெருப்போடு நிற்பதும் அங்கேதான். சிலிண்டர் வெளியில், காற்றோட்டமான இடத்தில் நிற்க வேண்டும். வீட்டுக்குள்ளும் வேண்டாம், கராஜுக்குள்ளும் வேண்டாம். வெளிக்கதவு ஒழுங்காக இல்லாத பேஸ்மென்டை ஆறு பேருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, ஊர்ச் சங்கத்தில் முன்வரிசையில் இருக்கிற நம்மவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இது முடியாது.

நான் இதை அனுபவித்தவன். என் முதல் பேஸ்மென்டில், யாரோ தந்த முகாம் அடுப்புக்கு என்று இரண்டு சின்னச் சிலிண்டர்களைப் படிக்கட்டின் கீழே வைத்திருந்தேன். ஒன்றின் வாயில் மண் அடைபட்டு மெதுவாகக் கசிந்திருக்கிறது. புரோப்பேனுக்குத் தானாக மணமில்லை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காக அழுகிய முட்டை போன்ற நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். மேல்மாடி அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவந்து "கருவாடா தம்பி?" என்று கேட்டார். என்னிடம் உண்மையாகவே கருவாடு இருந்தது. மன்னிப்புக் கேட்டு, கருவாட்டை மூன்று பையில் சுற்றிக் குப்பையில் போட்டேன். மறுநாளும் நாறியபோதுதான் அது கருவாடு அல்ல, சிலிண்டர் என்று புரிந்தது. அந்த இரண்டு நாளும் நாங்கள் நாலு பேரும் அங்கேதான் சமைத்தோம், சிலர் சிகரெட்டும் பிடித்தார்கள். உயிரோடு இருப்பது எங்கள் சாமர்த்தியம் அல்ல. அந்தக் கருவாட்டுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்தது குடில். புகை குறைவு என்றால் நஞ்சு இல்லை என்று அர்த்தமில்லை. புரோப்பேன் எஞ்சினும் காபன் மொனொக்சைட் கக்கும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. வெளியே குளிராக இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஆகரை ஓட்டாதீர்கள். ஹீற்றர் எரியும்போது காற்றுத் துவாரத்தை அடைக்காதீர்கள். பற்றரியில் வேலைசெய்யும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் குடிலில் மாட்டுங்கள். தலையிடியும் தூக்கமும் வந்தால், "நேற்று இரவு வேலை, களைப்பு" என்று சமாதானம் சொல்லாமல் வெளியே வாருங்கள். இரவு வேலை செய்கிற நம்மவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள்.

நான் வந்தது 1994 ஜனவரியில். கொழும்பில் வாங்கிய சப்பாத்தோடு இறங்கினேன், அந்த மாதக் குளிரைப் பற்றி இங்கே பிறந்தவர்களே இன்றும் பேசுவார்கள். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினேன். அங்கே சமையல்காரர் ஒரு பின்லாந்துக் கிழவர். ஆங்கிலம் எனக்கும் தெரியாது, அவருக்கும் அதிகம் தெரியாது. ஒரு திங்கட்கிழமை விடுமுறையில் என்னைச் சிம்கோவுக்கு, தெற்கே குக்ஸ் குடாவுக்கு, கூட்டிக்கொண்டு போனார். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. அதன்மேல் மனிதர்கள் வாளியைக் கவிழ்த்து அமர்ந்திருந்தார்கள். நான் கரையிலேயே நின்றுவிட்டேன். அவர் காரின் பின்பக்கத்தைத் திறந்து எடுத்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அலவாங்கு, அதாவது கடப்பாரை! எங்கள் வளவில் சுண்ணக்கல் உடைத்துக் கிணறு வெட்டின அதே அலவாங்கு. நுனி மட்டும் உளி போல இருந்தது.

ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அதால் ஓங்கிக் குத்துவார். "டொக்" என்று திடமாகக் கேட்டால் காலை வைப்பார். சத்தம் தளர்ந்தால் நிற்பார். இரண்டு குத்தில் தண்ணீர் வந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு கையால் சுற்றும் ஆகரால், தச்சரின் துறப்பணத்தைப் பெரிதாக்கினாற் போன்ற ஒன்றால், முதல் துளை போட்டார். மேலே வெள்ளை ஐஸ், அது பாதி பலம்தான். கீழே கண்ணாடி போன்ற கறுப்பு ஐஸ், அதைத்தான் நம்பலாம். நடக்க நாலு அங்குலமாவது நல்ல ஐஸ் வேண்டும் என்று விரலால் அளந்து காட்டினார். எந்த இடத்தில் அலகு வழுக்குகிறது, எங்கே சேறு போல இளகியிருக்கிறது என்பதைத் தோள் சொல்லிவிடும்.

அதனால்தான் வேண்டாம் என்கிறேன். என் புரோப்பேன் இயந்திரம் ஓர் அடி ஐஸைச் சில விநாடிகளில் கிழித்துவிடும். கையில் எதுவும் தெரியாது, காதில் எஞ்சின் மட்டுமே கேட்கும். முப்பது குளிர்காலம் கண்ட எனக்கு அது பரவாயில்லை. உங்களுக்கு ஏரி என்ன பேசுகிறது என்றே இன்னும் தெரியாது. இரவில் அது திமிங்கிலம் போல முனகும். புதிதாக வந்தவர்கள் ஓடுவார்கள். பெரும்பாலும் அது ஐஸ் தடிக்கிற சத்தம். ஆனால் நடுவில் நீளமாக விழுகிற அழுத்த வெடிப்பு வேறு விஷயம், நேற்று நடந்த இடத்தில் இன்று தண்ணீர் நிற்கும். இப்போது காலமும் மாறிவிட்டது. 2023–24 குளிர்காலத்தில் சிம்கோவில் ஐஸ் ஒழுங்காகக் கட்டவே இல்லை.

நம்மவர்களில் இரண்டு வகை. ஒரு வகை, "வெள்ளைக்காரனுக்கு விசர், ஐஸில் போய் இருக்கிறான்" என்று சொல்லி முப்பது வருடம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தொலைக்காட்சி பார்ப்பார்கள். மற்ற வகை, முதல் குளிர்காலத்திலேயே ஆகர், கூடாரம், மீன் காட்டும் திரை எல்லாம் கடன் அட்டையில் வாங்கி, இரண்டு தரம் போய்ப் படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கராஜில் அடுக்குவார்கள். மலிவு விற்பனையில் வருபவற்றில் பாதி அவர்களுடையதுதான். மூன்றாவது வகையும் உண்டு, சொல்ல வெட்கம்: மீன்பிடி உரிமத்துக்கு 50 பெர்ச் மீன்தான் என்றால் வாளியில் நூறு இருக்கும். அதிகாரி வந்து எண்ணும்போது ஆங்கிலம் மறந்துவிடும்.

இன்னொன்று, யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. குடில் வாடகைக்கு எடுத்தால் துளையை அவர்களே போட்டு வைத்திருப்பார்கள். ஐஸின் தடிப்பை நாள்தோறும் அளப்பதும் அவர்கள்தான். ஆகரே தேவையில்லை! அந்தப் பணத்தில் நல்ல சப்பாத்தும், கழுத்தில் தொங்கவிடுகிற ஐஸ் ஊசி ஒரு சோடியும் வாங்குங்கள். விழுந்தால் ஐஸில் குத்தி ஏறுவதற்கு அதுதான் உதவும்.

அன்று எனக்குப் பதினொரு பெர்ச் கிடைத்தது. கிழவரை அடுத்த ஞாயிறு பேஸ்மென்டுக்குக் கூப்பிட்டு, ஒடியல் மா இல்லாததால் அரிசிமாவைக் கரைத்து, இருந்த மிளகாய்த்தூளையெல்லாம் போட்டுக் கூழ் காய்ச்சினோம். அவர் வியர்த்து, மூக்கு வழிந்து, மூன்று தரம் வாங்கிக் குடித்தார். ஓய்வுபெற்றுப் போகும்போது அலவாங்கை என்னிடம் தந்துவிட்டுப் போனார். பிடியில் அவர் சுற்றிய கறுப்பு நாடா இன்னும் இருக்கிறது, நான் மாற்றவில்லை.

ஜனவரி கடைசியில் ஐஸ் நன்றாகக் கட்டியிருந்தால் ஒரு சனிக்கிழமை போவோம். அதிகாலை ஐந்து மணிக்கு வந்து ஏற்றுகிறேன். உரிமத்தை எடுத்துவிடுங்கள், கருவாடு கொண்டுவர வேண்டாம்.