நாளைக்கே டிஸ்சார்ஜ் என்கிறார்கள், மறுக்கலாமா?

கேள்வி: பக்கவாதம் வந்து சேர்த்த என் அப்பாவுக்கு வலது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை. சிறுநீர்க் குழாயும் எடுக்கவில்லை. ‘நாளைக்கு டிஸ்சார்ஜ், வேண்டுமானால் வேறு மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். மறுக்க எங்களுக்கு உரிமை உண்டா?

பதில்: அவசரப்படுத்தினால் மறுத்துப் பேசலாம். உலக மருத்துவச் சங்கம் 1981-ல் ஏற்று, பின்னர் திருத்திய லிஸ்பன் பிரகடனம், சிகிச்சை இன்னும் தேவைப்படும் நோயாளி மாற்று ஏற்பாடு செய்துகொள்ள நியாயமான உதவியும் போதிய அவகாசமும் தராமல் மருத்துவர் சிகிச்சையை நிறுத்தக் கூடாது என்கிறது. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமையையும் அது சொல்கிறது. அது சட்டமல்ல, சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் மருத்துவர்களே ஒப்புக்கொண்ட நெறி என்பதால் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

‘போக மாட்டோம்’ என்று மல்லுக்கு நிற்பதைவிட, ‘வீட்டில் இவரை எப்படிப் பார்த்துக்கொள்வது, யார் பொறுப்பு?’ என்று கேட்பதுதான் பலன் தரும். குழாயை எந்தத் தேதியில், யார் எடுப்பார்கள்? விழுங்கும் திறனைச் சோதித்தார்களா, தண்ணீரை அப்படியே கொடுக்கலாமா? முடிவு வராத பரிசோதனை ஏதாவது பாக்கி இருக்கிறதா? படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை நர்ஸ் பக்கத்தில் நிற்கும்போதே நீங்கள் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். அது கைவரவில்லை என்றால், இன்னும் ஓரிரு நாள் கேட்க அதுவே நல்ல காரணம்.

நான் அதிகம் கவலைப்படுவது மாத்திரை விஷயத்தில்தான். அப்பா முன்பே ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிட்டு வந்தார் என்று வையுங்கள். மருத்துவமனைச் சீட்டில் அதே மருந்து வேறு பிராண்ட் பெயரில் இருக்கும். வீட்டுக்குப் போனதும் பழையதையும் புதியதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். அழுத்தம் இறங்கித் தலைசுற்றும், எழுந்து நிற்கும்போது விழுவார். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு இன்றே எடுத்துப்போங்கள். எது தொடரும், எது நின்றது, எது புதிது என்று டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு முயற்சியில், நோயாளி இடம் மாறும் கட்டத்தைத் தனியாகவே குறித்திருக்கிறார்கள்.

வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதாக இருந்தால், அங்கே எந்த மருத்துவர் ஏற்றுக்கொண்டார், படுக்கை உறுதியா என்று தெரியாமல் ஆம்புலன்ஸில் ஏற்றாதீர்கள். அழுத்தமும் மூச்சும் நிலையாக இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்களையும் கேளுங்கள். கடைசியாக எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்பதும் காகிதத்தில் இருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்திருந்தால் இது மிக மிக முக்கியம்.

மருத்துவர் ‘இப்போது போக வேண்டாம்’ என்று சொல்லியும் நீங்களாகக் கூட்டிப்போனால் கையெழுத்துக் கேட்பார்கள். நினைவும் புரிதலும் தெளிவாக இருந்தால் அந்த முடிவை அப்பாதான் எடுக்க வேண்டும், அவரிடம் கேளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்பதற்காகச் சம்மரியும் மருந்துச் சீட்டும் தராமல் அனுப்புவது சரியல்ல. விடாமல் கேட்டு வாங்குங்கள். வார்டில் பதில் கிடைக்காவிட்டால், டிஸ்சார்ஜுக்கான காரணத்தை எழுத்தில் தரும்படி மருத்துவக் கண்காணிப்பாளருக்கு இன்றே மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.