காலியாக இருக்கும் 1971 – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்து பற்றிய உங்கள் கட்டுரையில், வாஷிங்டன் ஹோவார்ட் பல்கலைக்கழக அணி 1971-லும் 1974-லும் தேசிய சாம்பியன் ஆனது என்று எழுதியிருக்கிறீர்கள். சாம்பியன்களின் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். 1971-க்கு நேரே எந்தப் பெயரும் இல்லை. தகுதியற்ற வெளிநாட்டு ஆட்டக்காரர்களை இறக்கியதால் பட்டத்தைப் பறித்துவிட்டார்களாம். நான் முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கிவரும் தடியன்களிடம் என் மாணவர்கள் தோற்றுவிட்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். திருடிய கோப்பையை நீங்கள் எப்படிச் சாதனைக் கணக்கில் சேர்த்தீர்கள்? இன்னொரு சந்தேகம்: ஹோவார்டிடமிருந்து பறித்தார்கள் என்றால், இறுதிப் போட்டியில் தோற்ற அணிக்கு அல்லவா அது போயிருக்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்டம் பறிபோனதை நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கட்டுரையில் ஹோவார்டுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு வரி. அதில் விட்டுப்போனது என் சோம்பல்தான். ஆனால் ‘திருடிய கோப்பை’ என்ற சொல்லை ஏற்க முடியவில்லை. உங்கள் மாணவர்களை அழவைத்த கதையும் இதுவும் ஒன்றல்ல. இது வயதைத் திருத்திய வழக்கே அல்ல.

ஹோவார்ட் 1867-இல் கறுப்பின மக்களின் கல்விக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம். ஆப்பிரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் மாணவர்கள் தேடிவரும் இடம். அவர்களுக்குக் கால்பந்து பிறந்த மண்ணின் ஆட்டம். 1970-இல் பயிற்சியாளராக வந்த லிங்கன் ஃபிலிப்ஸ், கரீபியத் தீவான டிரினிடாட்டின் தேசிய அணிக்குக் கோல்கீப்பராக இருந்தவர். மறு ஆண்டே மயாமியின் ஆரஞ்ச் பவுல் அரங்கில் நடந்த இறுதிப் போட்டியில் அவருடைய பையன்கள் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தை 3-2 என்று வென்றார்கள். கறுப்பின மக்களுக்காகத் தோன்றிய ஒரு பல்கலைக்கழகம், எந்த விளையாட்டிலானாலும் சரி, முதல்தரப் பிரிவில் தேசியப் பட்டம் வென்றது அதுவே முதல் முறை.

பிறகுதான் விசாரணை. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. சங்கம் காட்டிய விதிகளில் முக்கியமான இரண்டைச் சொல்கிறேன். முதலாவது வெளிநாட்டு மாணவர் விதி. 19 வயதுக்குப் பிறகு வேறொரு நாட்டில் போட்டிகளில் ஆடியிருந்தால், ஆடிய ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி அணியில் ஆடிய ஆண்டாகவே கருதப்பட்டு, அங்கே ஆட அனுமதித்த சில ஆண்டுகளிலிருந்து கழியும். டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் ஏதோ ஒரு கிளப்புக்கு ஆடி, காசு சேர்த்து 21 வயதில் படிக்க வந்த இளைஞனை நினைத்துப் பாருங்கள். வகுப்பறைக்குள் கால் வைக்கும் முன்பே அவனுடைய இரண்டு ஆண்டுகள் போய்விட்டன. அதே வயதுவரை தன் ஊர் கிளப்பில் ஆடிவிட்டு வந்த அமெரிக்க இளைஞனுக்கு ஒரு நாள்கூடக் குறையாது.

இரண்டாவது ‘1.6 விதி’. பள்ளி மதிப்பெண்ணையும் அமெரிக்க நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையும் வைத்து, இந்த மாணவன் கல்லூரியில் நான்குக்குக் குறைந்தது 1.6 சராசரியாவது எடுப்பான் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். சோதிடம்தான், எண் கணித சோதிடம். கரீபியப் பிள்ளைகள் ஊரில் எழுதி வந்தது பிரிட்டிஷ் முறைத் தேர்வு. ‘ஓ லெவல்’ என்றால் இலங்கை வாசகர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அமெரிக்க நுழைவுத் தேர்வை எழுதாதவர்களுக்குக் கணிப்பு இல்லை. கணிப்பு இல்லையென்றால் தகுதியும் இல்லை. கல்லூரியில் அவர்கள் வாங்கிக்கொண்டிருந்த நிஜ மதிப்பெண் என்ன என்பது இந்த விதிக்குப் பொருட்டே அல்ல.

பட்டம் பறிக்கப்பட்டது. 1973 பருவத்தின் இறுதிச் சுற்றுகளில் ஆடவும் தடை விழுந்தது. ஹோவார்ட் நீதிமன்றம் போனது. வாஷிங்டன் கூட்டாட்சி நீதிபதி கெர்ஹார்ட் கெசல், வெளிநாட்டு மாணவர் விதி அயல்நாட்டவருக்கு எதிரான பாகுபாடு, அரசியலமைப்புக்கு முரணானது, ஆகவே செல்லாது என்று 1973-இல் தீர்ப்பளித்தார். 1.6 விதி செல்லும் என்றும் அவரேதான் சொன்னார். 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த இரண்டு முடிவுகளையும் உறுதிசெய்தது. ஆகவே பட்டம் திரும்பவில்லை.

உங்கள் பக்கத்து நியாயம் இங்கே இருக்கிறது, மறுக்க மாட்டேன். செல்லுபடியான ஒரு விதியை ஹோவார்ட் மீறியது. நிர்வாகம் விதிப் புத்தகத்தைக் கவனமாகப் படித்திருக்க வேண்டும். ஹோவார்டைப் பற்றி எழுதும் அபிமானிகள் பலர் இதை நாசூக்காகத் தாண்டிப் போவார்கள். கட்டுரையில் நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். ஆனால் கேளுங்கள், அந்த 1.6 விதியை என்.சி.ஏ.ஏ.வே 1973-இல் கைவிட்டது. ஒரு கோப்பையைக் காவு வாங்கிவிட்டு விதி ஓய்வு பெற்றுக்கொண்டது.

தோற்ற அணியைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இருக்கிறது. செயின்ட் லூயிஸின் பயிற்சியாளர் ஹாரி கியோ, தபால்காரராக வேலை பார்த்தவர். 1950 உலகக் கோப்பையில், பிரேசிலின் பெலோ ஒரிசாண்டே நகரில், இங்கிலாந்தை 1-0 என்று வீழ்த்தி உலகையே திகைக்க வைத்த அமெரிக்க அணியில் பின்வரிசை ஆட்டக்காரர். அன்று அந்த ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் யார் தெரியுமா? ஜோ கேட்ஜென்ஸ். கரீபிய நாடான ஹைட்டியிலிருந்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கணக்கியல் படிக்க வந்து, ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாணவர். அவர் அமெரிக்கக் குடிமகன்கூட இல்லை. குடியுரிமை பெற விரும்புவதாகச் சொன்னாலே தேசிய அணிக்கு ஆடலாம் என்று அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம் அப்போது விட்டுக்கொடுத்திருந்தது. இங்கிலாந்தைத் தோற்கடிக்கக் கரீபிய மாணவன் வேண்டியிருந்தது. இருபது வருடம் கழித்து அதே கரீபியத்திலிருந்து வந்த மாணவர்கள் கல்லூரிக் கோப்பையை வென்றபோது விதிப் புத்தகம் திறக்கப்பட்டது. இதில் கியோவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் ஆடி வென்றவர், ஆடித் தோற்றவர். கேட்ஜென்ஸ் பின்னாளில் ஊர் திரும்பி, 1964-இல் ஹைட்டியின் சர்வாதிகாரி டுவாலியேயின் ஆட்களால் பிடித்துச் செல்லப்பட்டார். பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

தடை முடிந்து 1974. ஹோவார்ட் அந்தப் பருவத்தில் ஆடிய 19 ஆட்டங்களிலும் வென்றது. இறுதிப் போட்டியில் எதிரே நின்றது மீண்டும் கியோவின் அணி. இடம் செயின்ட் லூயிஸ் நகரின் புஷ் அரங்கம், அதாவது எதிரணியின் சொந்த ஊர். பெரும்பாலும் அந்த ஊர்ப் பிள்ளைகளையே திரட்டி ஆடி, அதுவரை பத்து பட்டங்களை வாங்கிய அணி அது. ஆட்ட நேரம் சமநிலையில் முடிந்தது. ஒரு கூடுதல் நேரம் போயிற்று, இரண்டாவதும் மூன்றாவதும் போயின. நான்காவதில் நைஜீரியாவின் கென்னத் இலோடிக்வே கோல் போட்டார். 2-1. இந்த முறை கேள்வி கேட்க யாரும் வரவில்லை.

பட்டியலை இன்னும் கொஞ்சம் கீழே பார்த்திருந்தால் 1978-உம் காலியாக இருப்பது கண்ணில் பட்டிருக்கும். அது சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். அங்கேயும் தகுதியில்லாத ஆட்டக்காரர் விவகாரம்தான். ஆகவே ஹோவார்டை மட்டுமே குறிவைத்தார்கள் என்று நான் வாதாட மாட்டேன். ஹோவார்ட் 1988-இல் மறுபடியும் இறுதிக்கு வந்து, இந்தியானா பல்கலைக்கழக அணியிடம் அதன் சொந்த மைதானத்தில் 1-0 என்று தோற்றது.

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு: இல்லை, பறித்த பட்டத்தைச் செயின்ட் லூயிஸுக்குக் கொடுக்கவில்லை. அந்த ஆண்டுக்குச் சாம்பியனே கிடையாது என்று விட்டுவிட்டார்கள். செயின்ட் லூயிஸ் 1972-லும் 1973-லும் தானே ஆடி வென்றது. அதன் பிறகு இன்றுவரை வெல்லவில்லை.

கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். இப்போது அது ‘1971-இல் இறுதிப் போட்டியில் வென்றது, பட்டம் பின்னர் நீக்கப்பட்டது, 1974-இல் சாம்பியன்’ என்றிருக்கிறது. ‘வென்றது’ என்ற சொல்லை மட்டும் எடுக்கவில்லை.