புதரை வெட்டுவதா, விட்டுவைப்பதா?

கேள்வி: புதிதாகக் குடிவந்த வீட்டின் பின்னால் ஒரு துண்டு நிலம் புதர் மண்டிக் கிடக்கிறது. பறவை, பட்டாம்பூச்சி எல்லாம் வருவதால் அப்படியே விட ஆசை, ஏழு வயது மகளுக்கும் காட்டலாம். பாம்பு வரும், கொசு வரும், வெட்டிவிடு என்கிறார் அம்மா. என்ன செய்வது? விட்டுவைத்தால் எதை, எப்படிப் பார்ப்பது?

பதில்: முழுவதையும் வெட்ட வேண்டாம், முழுவதையும் விடவும் வேண்டாம். அம்மாவின் பயம் நியாயமானது, அதை முதலில் தீர்த்துவிடுவோம்.

பாம்பு செடிக்காக வருவதில்லை, எலியையும் தவளையையும் ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கையும் தேடித்தான் வருகிறது. அதனால் வீட்டுச் சுவரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்கும் நடக்கும் பாதையிலும் தரை தெரிகிற மாதிரி சுத்தமாக வைத்துக்கொண்டு, காட்டை அதற்கு அப்பால் விடுங்கள். சுவரை ஒட்டி விறகோ செங்கல்லோ உடைந்த ஓடோ அடுக்கியிருந்தால் புதருக்கு முன்னால் அதைத்தான் அப்புறப்படுத்த வேண்டும். சிந்திய தானியமும் திறந்த குப்பையும் இருந்தால் எலி வரும், எலி வந்தால் பாம்பும் வரும். ஆனால் எலிக்கு விஷம் வைக்காதீர்கள், விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் சேர்ந்து சாகும். இருட்டில் போனால் டார்ச், காலில் ஷூ. ஒருவேளை பாம்பு கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும், வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

கொசு செடியில் பிறப்பதில்லை, தேங்கிய தண்ணீரில் பிறக்கிறது. வெப்பமான நாட்களில் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். பறவைகளுக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் வைத்து, நடுவே ஒரு கல்லைப் போடுங்கள், தேனீ விழுந்தால் ஏறிக்கொள்ளும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்றினால் அதில் கொசு உருவாகாது. பார்த்தீனியம் என்ற களைச்செடி முளைத்திருந்தால் பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிடுங்கள், தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல்.

சரி, இனி எதைப் பார்ப்பது? இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள், பெரிதாக ஏதோ வரும் என்று ஒரு வாரம் எட்டிப்பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிஃபர் ஓவன் என்ற விலங்கியலாளர் தன் சாதாரண வீட்டுத் தோட்டத்தில் 1972 முதல் 30 ஆண்டுகள் கணக்கெடுத்து 2,673 வகை உயிர்களைப் பதிவு செய்தார். அதில் பூச்சிகள் மட்டும் 1,997, பறவை, தவளை, பாலூட்டி என்று முதுகெலும்புள்ளவை எல்லாம் சேர்த்தே 64தான்! அதனால் மகளுக்கு பைனாகுலர் வாங்கும் முன்னால் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.

அப்புறம், ஒரே இடத்தில் உட்காருங்கள். தினமும் விடிந்ததும் அதே இடத்தில், இருபது நிமிடம், போன் இல்லாமல். முதல் பத்து நிமிடம் எதுவும் நடக்காது, ஏனென்றால் நீங்கள் வந்ததைப் பார்த்து எல்லாம் அடங்கியிருக்கும், அதற்குப் பிறகுதான் ஓணான் தலையை நீட்டும், விட்ட இடத்திலிருந்து குருவி மறுபடி இரை பொறுக்கத் தொடங்கும். குழந்தைக்கு இருபது நிமிடம் அதிகம் என்றால் ஐந்தில் தொடங்குங்கள்.

இலைகளைத் திருப்பிப் பாருங்கள், ஓட்டை விழுந்த இலைதான் நமக்கு வேண்டியது. பட்டாம்பூச்சி பல வகைப் பூக்களில் தேன் குடிக்கும், ஆனால் பெரும்பாலானவை முட்டையிடுவது குறிப்பிட்ட சில செடிகளில் மட்டும்தான், எருக்கில் ஒன்று, எலுமிச்சையில் வேறொன்று. எலுமிச்சை இலையில் பறவை எச்சம் மாதிரி கிடப்பதைத் தட்டிவிடாதீர்கள், அது இளம் புழுவாக இருக்கலாம், வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். புழு தின்கிறதே என்று மருந்தடித்தால் பட்டாம்பூச்சியும் போயிற்று, குருவியும் போயிற்று, ஏனென்றால் தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியையும் புழுவையும்தான் ஊட்டுகிறது.

கொஞ்சம் வெறும் மண்ணையும் விட்டுவையுங்கள். தேனீ வகைகளில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் தனித்தனியாக மண்ணில் துளையிட்டு முட்டையிடுபவை, அவை தாமாக வந்து கொட்டுவது அபூர்வம். சுவரில் மண்கூடு கட்டும் குளவி ஒவ்வொரு அறையிலும் சிலந்திகளை மயக்கி அடைத்து, குஞ்சுக்குச் சாப்பாடாக வைத்து மூடும், அது ஈரமண் உருண்டையோடு வந்து போவதை ஒரு காலை முழுக்கப் பார்க்கலாம், எனக்கு இன்றுவரை சலிக்கவில்லை.

இரவில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி அதன் மேல் விளக்கடித்தால் அந்துப்பூச்சிகள் வந்து உட்காரும். பூச்சிகள் வெளிச்சம் உள்ள பக்கம் முதுகைத் திருப்பிப் பறப்பவை, அதைக் கொண்டுதான் மேல் எது கீழ் எது என்று அறிகின்றன, அருகில் விளக்கு இருந்தால் அந்தக் கணக்கு குழம்பிச் சுற்றிச் சுற்றி வருகின்றன என்று 2024-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால் அரைமணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள், மற்ற நாட்களில் பின்பக்க விளக்கு எரிய வேண்டியதே இல்லை.

கல்லைப் புரட்டிப் பார்ப்பது பெரியவர்கள் வேலை. நீளமான குச்சியால் எதிர்ப்பக்க விளிம்பை நெம்பி நம் பக்கமாகச் சாய்த்தால், உள்ளே இருப்பதற்கும் நமக்கும் நடுவில் கல் மறைப்பாக நிற்கும். பார்த்து முடித்ததும் இருந்தபடியே வைத்துவிடுங்கள், அடியில் உள்ளவை அந்த ஈரத்தில்தான் உயிர்வாழ்கின்றன.

இன்னொன்று, மகள் என்றாவது ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு வருவாள். இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு என்றால் எடுத்த இடத்திலேயே ஒரு செடியின் மறைவில் விட்டுவிடச் சொல்லுங்கள், அதன் தாய் பக்கத்தில்தான் இருக்கும். இறகே இல்லாத குஞ்சைக் கூட்டில் வைத்துவிடலாம். கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை.