ஃபோட்டோ எடுத்தா ஆண்ட்ரோமெடா கேலக்ஸி வெறும் மங்கலான பொட்டா வருதுன்னு கேட்டவருக்கு

ப்ரோ, 135எம்எம் லென்ஸ், ட்ராக்கர் (வானம் நகர்றதுக்கு ஏத்தபடி கேமராவத் திருப்புற கருவி) இல்லாம ட்ரைபாட்ல 30 செகண்ட்ன்னு சொல்றீங்க, அதான் பிரச்சனையே. கிராப் சென்சார்ல (ஃபுல் ஃப்ரேமை விடச் சின்ன சென்சார்) இந்த லென்ஸுக்கு ரெண்டு ரெண்டரை செகண்ட் தாண்டினா நட்சத்திரம் கோடா இழுத்துக்கும், அந்த இழுப்புல மங்கலான சுருள் கைகள் எல்லாம் கரைஞ்சு போயிடும். 2 செகண்ட் வைங்க, ஐஎஸ்ஓ 1600, கண்டிப்பா ரா ஃபைல் (கேமரா ப்ராசஸ் பண்ணாத மூல ஃபைல்), ஒரு 500 ஃப்ரேமாவது எடுங்க, நடுநடுவுல கேலக்ஸி ஃப்ரேமை விட்டு நகரும், திருப்பி நடுவுக்குக் கொண்டு வரணும். லென்ஸ் மூடியப் போட்டு அதே செட்டிங்ல கொஞ்சம் டார்க் ஃப்ரேமும் (சென்சார் நாய்ஸைக் கழிக்க உதவுற கருப்புப் படம்) எடுத்துட்டு சிரில்ங்கிற சாஃப்ட்வேர்ல ஸ்டாக் பண்ணுங்க, அதாவது எல்லா ஃப்ரேமையும் ஒண்ணா சேருங்க, ஃப்ரீதான். ஸ்டாக் ஆனதும் படம் கருப்பாத்தான் தெரியும், பதறாதீங்க, ஹிஸ்டோகிராம ஸ்ட்ரெட்ச் பண்ணி மங்கலான பகுதிய வெளிச்சமாக்கினாத்தான் தூசிப் பட்டையெல்லாம் வெளிய வரும். நிலா இருக்கிற ராத்திரில முயற்சியே பண்ணாதீங்க, வேஸ்ட்.

உங்களுக்கு வந்த பொட்டும் மோசமில்ல, 964லயே பாரசீக வானியலாளர் அல்-சூஃபி ஆண்ட்ரோமெடாவ ஒரு சின்ன மேகம்னுதான் குறிச்சு வச்சாரு. சுருள் வடிவம் தெரிஞ்சது இங்கிலாந்து வானியல் ஆர்வலர் ஐசக் ராபர்ட்ஸ் 1888ல எடுத்த ஃபோட்டோல, அதுவும் மணிக்கணக்கா எக்ஸ்போஷர் குடுத்து. அப்பவும் அது நம்ம பால்வீதிக்குள்ள இருக்கிற ஏதோ வாயுன்னே நிறைய பேர் நினைச்சாங்க, 1923ல வானியலாளர் எட்வின் ஹப்பிள் அதுக்குள்ள ஒரு செஃபீட் நட்சத்திரத்தப் (வெளிச்சம் ஏறி இறங்குறத வச்சு தூரத்தக் கணக்கிட உதவுற நட்சத்திரம்) பிடிச்ச அப்புறம்தான் அது தனி கேலக்ஸின்னு தெரிஞ்சது.

அங்கிருந்து நமக்கு வர்ற ஒளி நிஜமாவே அவ்ளோ பழசான்னு கேட்டீங்கல்ல, ஆமா, சுமார் 25 லட்சம் வருஷம். ஃபோகஸ் மட்டும் லைவ் வியூல பத்து மடங்கு ஜூம் பண்ணி பாத்துக்கோங்க, லென்ஸ்ல இருக்கிற இன்ஃபினிட்டி (∞) குறிய நம்பாதீங்க.