வாசகர் கேள்வி – பதில்: டப்பாவில் உள்ள கார் மெழுகைக் கெடாமல் காப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையோரத்தில் வெயிலும் புழுக்கமும் கூடும் டிசம்பர் மாதத்தில், காருக்குப் பூசும் கட்டி மெழுகு உருகிவிட்டது, உலர்ந்துவிட்டது, வெள்ளை பூத்துவிட்டது என்று வாசகர்கள் எழுதும் கடிதங்களும் கூடிவிடுகின்றன. அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இவ்விதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். கார்னோபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்று படித்திருக்கிறேன். அதை நம்பி, மெழுகு டப்பாவை எப்போதும் காரின் டிக்கியிலேயே வைத்திருந்தேன். போன வாரம் திறந்து பார்த்தபோது மெழுகு ஒரு பக்கமாகச் சாய்ந்து இறுகியிருந்தது. அதன்மேல் எண்ணெய் போன்ற ஒரு நீர்மம் தேங்கியிருந்தது. டிக்கிக்குள் அவ்வளவு சூடு ஏறியிருக்குமா? இதை இனிப் பயன்படுத்தலாமா? — சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் கார்னோபா மெழுகு 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் உருகுகிறது. ஆனால் உங்கள் டப்பாவில் இருப்பது வெறும் கார்னோபா அன்று. தூய கார்னோபா ஓடு போலக் கடினமாகவும் எளிதில் நொறுங்குவதாகவும் இருக்கும். அதை அப்படியே காரின்மீது தேய்க்க முடியாது. ஆகவே தயாரிப்பாளர்கள் அதனுடன் 62 முதல் 64 டிகிரியில் உருகும் தேன்மெழுகையோ அதைவிட இளகிய வேறு மெழுகுகளையோ, எண்ணெய்களையும், டர்ப்பெண்டைன் இனத்தைச் சேர்ந்த எளிதில் ஆவியாகும் கரைப்பானையும் கலந்து, விரலால் எடுக்கக்கூடிய பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தக் கலவை, கார்னோபா உருகும் வெப்பத்துக்கு வெகு முன்னதாகவே இளகிவிடும்.

வெளியே 30 டிகிரி இருக்கும் நாளில், வெயிலில் மூடி நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 50 டிகிரியை எட்டிவிடும். அந்தச் சூட்டில் கலவை இளகி, எண்ணெயும் கரைப்பானும் பிரிந்து மேலே வருகின்றன. இரவில் குளிரும்போது மெழுகு மட்டும் தனியே இறுகுகிறது. இதுவே நாள்தோறும் நடந்தால் மூடியின் இடுக்கு வழியாகக் கரைப்பான் சிறிது சிறிதாக வெளியேறி, சில மாதங்களில் மெழுகு உலர்ந்த கட்டியாகிவிடும். என் அனுபவத்தில், நாள்பட்டதால் கெட்ட மெழுகைவிட, சூட்டில் வைத்ததாலும் மூடியைச் சரியாக மூடாததாலும் கெட்ட மெழுகுதான் மிகுதி.

உங்கள் மெழுகைக் காப்பாற்றிவிடலாம். மேலே நிற்கும் நீர்மத்தைக் கொட்டிவிடாதீர்கள். மெழுகுக்குப் பதம் தருவதே அதுதான். அகலமான பாத்திரத்தில் குழாயில் வரும் வெந்நீரை ஊற்றி, மூடியை இறுக்காமல் மேலே சும்மா வைத்த நிலையில், டப்பாவை அதில் பாதியளவு மூழ்கும்படி நிறுத்துங்கள். நீர் உள்ளே புகுந்துவிடக் கூடாது. மெழுகு இளகியதும் சுத்தமான மரக்குச்சியால் மெல்லக் கிளறி, மூடியை முழுவதும் மூடி, ஆடாமல் ஓரிடத்தில் வைத்து ஆறவிடுங்கள். அதன்பின் அதை வீட்டுக்குள், வெயில் படாத அலமாரியில் வைக்க வேண்டும். கீஸருக்கு அருகிலுள்ள அலமாரியும், தகரக் கூரையிட்ட கராஜின் மேல்தட்டும் டிக்கியைவிடப் பெரிதும் மேலானவை அல்ல. மழையில்லாத குளிர்காலத்தில்கூட உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று எனும் சூடான வறண்ட காற்று வீசும் நாளில் கராஜ் அடுப்பாகிவிடும் என்பதை டர்பன்வாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: என் தந்தையார் வாங்கி வைத்த மெழுகு டப்பா ஒன்று எங்கள் கராஜில் இருந்தது. மெழுகு சுருங்கி, டப்பாவின் சுவரை விட்டு விலகி, நடுவில் வெடித்திருக்கிறது. அடுப்பில் வைத்து உருக்கி, கொஞ்சம் டர்ப்பெண்டைன் சேர்த்தால் பழைய நிலைக்கு வருமா? — லெனேசியா வாசகி

பதில்: அம்மா, முதலில் அடுப்பை மறந்துவிடுங்கள். மெழுகில் எஞ்சியிருக்கும் கரைப்பான் எளிதில் தீப்பற்றக்கூடியது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே எழும்பாமல் தரையோடு தவழ்ந்து செல்லும். அடுப்பை அணைத்துவிட்டாலும் பக்கத்து அறையில் எரியும் சாமி விளக்கே போதும். மேலே சொன்ன வெந்நீர் முறையைக்கூட, விளக்கோ ஊதுவத்தியோ எரியாத, காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும்.

டர்ப்பெண்டைன் சேர்ப்பதையும் நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் பயன்படுத்தும் கரைப்பான் வேறு, அளவு வேறு. கடையில் வாங்கும் டர்ப்பெண்டைன் அதனோடு சரிவரக் கலக்காமல் போனால் காரின்மீது பிசுபிசுப்பும் திட்டுத்திட்டான மங்கலும் மிஞ்சும். அதைத் துடைத்தெடுக்கும் பாடு, புதிய டப்பா வாங்கும் செலவைவிடப் பெரிது.

ஆனால் வெடித்திருப்பதனாலேயே மெழுகு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஜூலை மாத இரவுகளில் உங்கள் ஊரில் வெப்பம் உறைநிலையை நெருங்கும். அந்தக் குளிரில் மெழுகு சுருங்கி வெடிப்பது இயல்பு. ஒரு சிறு துண்டை எடுத்து உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து பாருங்கள். இளகி ஒட்டினால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. பொடிப்பொடியாக உதிர்ந்தால் கரைப்பான் முற்றிலும் போய்விட்டது என்று பொருள். இளகினாலும் உடனே கார் முழுவதும் பூசாமல், கண்ணில் படாத ஒரு மூலையில் ஓர் அங்கைப் பரப்பில் பூசி, உலர்ந்தபின் மென்துணியால் துடைத்துப் பாருங்கள்; எளிதாகத் துடைபட்டு வழவழப்பு வந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். தந்தையார் வாங்கிய பொருள் என்று எழுதியிருக்கிறீர்கள். உதிர்ந்துபோனதாகவே இருந்தாலும், தோட்டக் கருவிகளின் மரப்பிடியில் தேய்க்க அது உதவும்; எறிந்துவிட வேண்டியதில்லை.

கேள்வி: மெழுகின் மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. பூஞ்சையா? — டோங்காட் வாசகர்

பதில்: இரண்டில் ஒன்றாக இருக்கலாம். தேன்மெழுகு கலந்த மெழுகில், குளிர் மிகுந்த நாள்களில் மெல்லிய மாவு போன்ற வெண்மை பூப்பதுண்டு. அது மெழுகின் இயல்பே. விரலால் தேய்த்தாலும் தலைமுடி உலர்த்தியின் இளஞ்சூட்டைத் தூரத்திலிருந்து காட்டினாலும் மறைந்துவிடும். பஞ்சுபோல் எழும்பி, ஈர வாடையோ ஊசிய எண்ணெயின் நாற்றமோ வீசினால் அது பூஞ்சை. மெழுகில் தானாகப் பூஞ்சை வளர்வது அரிது. ஈரமான ஸ்பாஞ்சைத் தோய்த்ததால் நீர் உள்ளே போயிருக்கும். மேற்பரப்பை ஆழமாக வழித்தெடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்துவோர் உண்டு என்றாலும், நான் அதை அறிவுறுத்த மாட்டேன்.

தகர டப்பாவின் விளிம்பு துருப்பிடித்திருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதுதான் என்னைக் கூடுதலாகக் கவலைகொள்ள வைக்கிறது. உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் தகரம் விரைவில் துருவேறும். அந்தத் துரு செதிலாக உதிர்ந்து மெழுகில் விழுந்தால், அடுத்த முறை பூசும்போது காரின் வண்ணத்தில் கோடு கோடாகக் கீறிவிடும். ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் விளிம்பையும் மூடியின் உட்புறத்தையும் துடையுங்கள். விளிம்பில் காய்ந்த மெழுகு இருந்தால் மூடி சரியாகப் பொருந்தாது. டப்பாவின் வெளிப்புறத்தில் அதே மெழுகை மெல்லியதாகப் பூசி வைத்தால் துரு எளிதில் அண்டாது. மூடிக்கடியில் மெல்லிய பிளாஸ்டிக் வட்டு ஒன்று வந்திருந்தால், அதைப் பலரும் செய்வதுபோல் முதல் நாளே எறிந்துவிடாதீர்கள். மெழுகுக்கும் காற்றுக்கும் இடையே நிற்பது அதுவே.

கேள்வி: சூட்டுக்குப் பயந்து குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா? — மியர்பேங்க் வாசகர்

பதில்: வேண்டாம். வெளியே எடுத்துத் திறந்தவுடன் புழுக்கக் காற்றின் ஈரம் மெழுகின்மேல் நீர்த்துளியாகப் படியும்; கரைப்பானின் வாடை உணவில் ஏறும். உண்பொருளுக்கு அருகில் அதற்கு இடமில்லை.

கேள்வி: மெழுகு பூசும்போது ஸ்பாஞ்சு கைநழுவி மண்ணில் விழுந்தது. நன்றாக உதறிவிட்டுத் தொடர்ந்து பூசினேன். பானெட்டில் இப்போது வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. டப்பாவிலுள்ள மெழுகும் கெட்டிருக்குமா? — பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: உதறினால் மண் போகாது, ஸ்பாஞ்சிலுள்ள மெழுகு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே ஸ்பாஞ்சை மீண்டும் டப்பாவில் தோய்த்திருந்தால் மெழுகிலும் மணல் சேர்ந்திருக்கும். மேற்பரப்பைக் கத்தியால் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சீவி எடுத்துவிடுங்கள். அடியிலுள்ள மெழுகு சுத்தமாகவே இருக்கும். இனிமேல் ஸ்பாஞ்சை டப்பாவுக்குள் தேய்க்காமல், சிறு மரக்கரண்டியால் வேண்டிய அளவு மெழுகை எடுத்து ஸ்பாஞ்சின்மேல் தடவிக்கொள்ளுங்கள். ஒன்று விழுந்துவிட்டால் எடுத்துக்கொள்ள இன்னொன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஸ்பாஞ்சைப் பற்றியும் ஒரு சொல். வேலை முடிந்ததும் அதை டப்பாவுக்குள்ளேயே வைத்து மூடுவது பலருடைய வழக்கம். அது கரைப்பானை உறிஞ்சி மெழுகை உலர்த்துவதோடு தானும் விறைத்துப்போகிறது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைச் சேர்த்துப் பிசைந்து கழுவி, நிழலில் முழுவதும் உலர்த்தி, தனிப் பையில் போட்டு வையுங்கள். பாலிஷ் பூசிய ஸ்பாஞ்சை மெழுகுக்குப் பயன்படுத்தாதீர்கள். பாலிஷில் தேய்ப்புத் துகள் உண்டு, கழுவினாலும் அது முழுவதும் போவதில்லை. மெழுகு துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்காதீர்கள். அது இழைகளின்மேல் படிந்து துணியின் உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும்.

பூசும் அளவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனினும் உங்கள் டப்பா 2 மாதத்தில் தீர்ந்துவிடுவதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். நம் மொழியில் மெழுகு என்ற சொல்லே தரையை மெழுகுவதையும் குறிக்கிறது. சாணம் மெழுகத் தெரிந்த கை தரையில் எவ்வளவு மெல்லியதாக இழுக்குமோ, அதைவிடவும் மெல்லியதாக இழுத்தால் போதும். தடித்துப் பூசிய மெழுகு ஒட்டிக்கொள்வதில்லை, துணியோடு வந்துவிடுகிறது. பானெட்டின் கீறல்களுக்கு மெழுகு மருந்தாகாது. அவற்றை மென்மையான பாலிஷால் போக்கிவிட்டு, அதன்பின் புதிதாகச் சீவிய மெழுகைப் பூசுங்கள்.