சூப்பர்வைசர் ‘உன் பிளான் என்ன?’ என்கிறார், வாய் வரவில்லை!

கேள்வி: திருச்சியில் பிளஸ் டூ முடித்துவிட்டு இங்கிலாந்தில் பிசியோதெரபி படிக்கிறேன். இப்போது எலும்பு முறிவு வார்டில் பிளேஸ்மென்ட், அதாவது மருத்துவமனைச் செய்முறைப் பயிற்சி. சூப்பர்வைசர் எதற்கெடுத்தாலும் ‘உன் பிளான் என்ன?’ என்கிறார். தெரிந்தாலும் வாயடைத்துப் போகிறேன். பாதி வழி மதிப்பீட்டில் ‘தானாக முன்வருவதில்லை’ என்று எழுதிவிட்டார். ஃபெயில் ஆகிவிடுவேனா?
– பெயர் வேண்டாம், லீட்ஸ்

பதில்: வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் பாதியிலேயே சொன்னாரே, அது நல்லது. கடைசி வாரத்தில் சொல்லியிருந்தால் என்ன செய்வீர்கள்?

உங்கள் பாடத்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொள்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர் அடக்கம். இங்கிலாந்து வார்டில் ‘இவளுக்குத் தெரியாது’ என்று எடுத்துக்கொள்வார்கள். என்ன சிகிச்சை, எத்தனை நாள் என்பதை பிசியோவே தீர்மானிக்கலாம் என்று 1977-லேயே அங்கே அரசுச் சுற்றறிக்கை வந்துவிட்டது. நாளை நீங்கள் தனியாகச் செய்யவேண்டிய வேலையைத்தான் அவர் இன்று கேட்கிறார்.

அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன பாட்டியைப் பார்க்கப் போகிறீர்களா? வராந்தாவிலேயே ஆரம்பியுங்கள்: “நேற்று ஆபரேஷன். முழு எடை ஊன்றலாம் என்று நோட்ஸில் இருக்கிறது. பிரஷர் பரவாயில்லை, வலி மாத்திரை கொடுத்தாயிற்று. கட்டில் ஓரமாக உட்காரவைத்து, தலை சுற்றாவிட்டால் வாக்கிங் ஃப்ரேம் பிடித்து நாற்காலி வரைக்கும். இரண்டு பேர் வேண்டும்.” தப்பு இருந்தால் திருத்துவார், அதற்குத்தானே அவர் இருக்கிறார்!

பாட்டியிடம் போனதும் காலைத் தொட்டுவிடாதீர்கள். பெயரைச் சொல்லி, மாணவி என்று சொல்லி, சம்மதம் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் வற்புறுத்தக் கூடாது. ஏன் என்று கேட்டு, நோட்ஸில் எழுதிவிட்டு, மதியம் திரும்பிப் போங்கள். வலி எப்படி என்று கேட்டால் ‘நாட் டூ பேட்’ (பரவாயில்லை) என்பவர்களின் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்பவர்கள் நிறைய.

நம்மூர் போலக் கட்டிலைச் சுற்றி மகனும் மருமகளும் நிற்க மாட்டார்கள். வீட்டு நிலவரத்தை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், பாத்ரூம் மாடியிலா, இரவில் துணைக்கு யார்? பாட்டி எப்போது வீட்டுக்குப் போவார் என்பதே பெரும்பாலும் இதில்தான் நிற்கிறது. இதைக் கேட்டுவந்து சொன்னால் ‘முன்வருவதில்லை’ என்று யாரும் எழுத மாட்டார்கள்.

ஒரு சின்ன விஷயம்: கையில் சாமிக் கயிறோ வாட்ச்சோ இருந்தால் கழற்றிவிடுங்கள். முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்பது அங்கே தொற்றுத் தடுப்பு விதி.

ஃபெயில் பயத்தைப் பொறுத்தவரை, தனியாகக் கிடந்து புழுங்க வேண்டாம். பிளேஸ்மென்ட்டைக் கவனிக்கும் கல்லூரி ஆசிரியருக்கு இன்றே மெயில் போடுங்கள். மீதி வாரங்களில் எதைச் செய்துகாட்டினால் பாஸ் என்று மூவரும் உட்கார்ந்து எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிவதற்குள் சுமார் 1,000 மணி நேரம் பிளேஸ்மென்ட் கணக்குக் காட்ட வேண்டும். ஒருவேளை இதில் தவறினால் மறுபடி எப்போது செய்யலாம், விசா தேதி இடிக்குமா என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.