ஆலை முன்னே, ஊர் பின்னே

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலியின் கிரெஸ்பி டி அட்டா என்ற ஆலைக் கிராமத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஒரு பஞ்சாலை முதலாளி தொழிலாளிகளுக்காக ஊரையே கட்டினார் என்றால் அது தர்மமா, வியாபாரக் கணக்கா? ஆற்றங்கரையில் தனியாகப் போய் ஏன் கட்டவேண்டும்? இப்போது அந்த ஊர் எப்படி இருக்கிறது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

மிலானுக்கும் பெர்கமோவுக்கும் நடுவே, அட்டா ஆறும் பிரெம்போ ஆறும் கூடும் முனையில் இருக்கிறது இந்த ஊர். புஸ்தோ அர்சீசியோவைச் சேர்ந்த ஜவுளிக்காரர் கிறிஸ்தோஃபரோ பெனிக்னோ கிரெஸ்பி 1878-இல் இங்கே ஆலையை ஓட்டத் தொடங்கினார். வந்தது தண்ணீருக்காக. இத்தாலியில் நிலக்கரி குறைவு, இறக்குமதி செய்தால் விலை அதிகம். அட்டாவோ கோமோ ஏரியில் தங்கி வருவதால் அதன் நீர்வரத்தில் ஏற்ற இறக்கம் குறைவு. ஆற்றைவிடச் சரிவு குறைந்த ஒரு வாய்க்காலில் நீரைக் கொண்டுபோனால், கடைசியில் இரண்டுக்கும் இடையே உயர வித்தியாசம் கிடைக்கும். நொடிக்கு 1 கனமீட்டர் நீர் 5 மீட்டர் விழுந்தால் 49 கிலோவாட். டர்பைனில் கால் பங்கு வீணானாலும் ஏறக்குறைய 37 நிற்கும், அதாவது சுமார் 50 குதிரைத்திறன்.

அந்தச் சக்தியை அன்றைக்குத் தூரத்துக்கு அனுப்ப வழியில்லை. சுழலும் தண்டும் தோல் பெல்ட்டும் போகிற தூரம்தான் எல்லை. அதனால் ஆலை ஆற்றை ஒட்டியே நிற்கவேண்டும்; ஆட்களைத்தான் அங்கே கொண்டுவரவேண்டும். வீடு கட்டாமல் ஆலை ஓடாது என்பது முதல் நாளே தெரிந்த கணக்கு.

ஆனால் எப்படிப்பட்ட வீடு என்பதில் கணக்கோடு வேறொன்றும் சேர்கிறது. முதலில் எழுந்தவை பல குடும்பங்கள் சேர்ந்து இருக்கும் அடுக்குக் கட்டடங்கள். 1889-இல் பொறுப்புக்கு வந்த மகன் சில்வியோ, இங்கிலாந்தின் ஆலைகளைப் பார்த்தவர். அவர் காலத்தில் வரிசை வரிசையாகச் சிறு வீடுகள் வந்தன, ஒவ்வொன்றையும் சுற்றி வேலி, காய்கறி போட ஒரு துண்டு நிலம். தன் பாத்தியில் கீரை விதைத்த குடும்பம் சட்டென்று ஊரைவிட்டுப் போகாது. நூற்பில் கை தேறிய ஆளை இழந்தால் இன்னொருவரைப் பழக்க மாதக்கணக்காகும். பள்ளி, மருத்துவமனை, துணி துவைக்கும் கூடம், குளியல் கூடம், கூட்டுறவுக் கடை எல்லாம் வந்தன. வேலை போனால் வீடும் போகும் என்பதும் கூடவே வந்தது. என் பார்வையில் இது கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கைக் கஞ்சத்தனம் இல்லாமல் போட்டார்கள். அன்றைய மிலானில் ஒண்டுக்குடித்தனம் இருந்த தொழிலாளிக்கு இந்த வேறுபாடு சின்னதல்ல.

அதிகாரம் எங்கே இருந்தது என்பதைக் கல்லறைத் தோட்டத்தில் பாருங்கள். கயெதானோ மொரெத்தி வடிவமைத்த கிரெஸ்பி குடும்பச் சமாதி கோபுரம்போல் எழுந்து, இரு பக்கமும் கை விரித்தாற்போல நிற்கிறது. அதற்கு முன்னால் புல்லில் தொழிலாளிகளின் சின்னஞ்சிறு சிலுவைகள், ஒன்றுபோலவே.

1929 பொருளாதார நெருக்கடியில் குடும்பம் எல்லாவற்றையும் இழந்தது. பின்னர் ஆலை பல கைகள் மாறியது, வீடுகள் தனியாருக்கு விற்கப்பட்டன. 1995-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் நின்றது.

வீடுகளில் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், அதனால் அவை தப்பித்தன. கவலை ஆலையைப் பற்றித்தான். ரம்பப்பல் கூரை கொண்ட ஷெட் அது: ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் சரிவு என்று ரம்பத்தின் பற்கள்போல் வரிசையாக நிற்கும். கண்ணாடிப் பக்கத்தை வடக்கே திருப்பி வைப்பது, நேர்வெயில் படாமல் சீரான வெளிச்சம் வர. இந்தக் கூரைவகைக்கே உரிய பலவீனம், இரண்டு பற்களுக்கு நடுவே மழைநீர் வடியும் கால். ஆலை ஓடும்வரை யாராவது ஏறிச் சருகை வாருவார்கள். ஆள் இல்லாவிட்டால் ஒரே இலையுதிர்காலத்தில் அது அடைத்துக்கொள்ளும், தேங்கிய நீர் உள்ளே இறங்கும், குளிரில் உறைந்து விரிசலைப் பெரிதாக்கும். எனவே இப்படிப்பட்ட கட்டடத்துக்குப் புதுப் பயன் தேடுமுன் செய்யவேண்டியது, ஆண்டுக்கு இருமுறை அந்த நீர்க்கால்களைச் சுத்தம் செய்ய ஆள் போடுவது. செலவு குறைவு. தள்ளிப்போட்டால் கூரையையே மாற்றவேண்டி வரும்.